‘இன்னும் 2 மட்டுமே இருக்கு!’ – நமக்கே தெரியாமல் வாங்க வைக்கும் வார்த்தைகள்: எது நிஜம், எது கட்டுக்கதை?

வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்றரை மணி. அடையாறில் நான்கு பேர் சேர்ந்து எடுத்த வாடகை ஃப்ளாட். அதில் ஒருவர் அடுத்த வாரம் மதுரைக்குப் போக பஸ் டிக்கெட் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆப்பில் டிக்கெட் விலை ரூ.899. பக்கத்திலேயே சிவப்பு எழுத்தில் ‘இன்னும் 2 சீட் மட்டுமே!’. அதற்குக் கீழே ‘இப்போது 18 பேர் இதைப் பார்க்கிறார்கள்’. மேலே ஒரு கடிகாரம் 7:42, 7:41 என்று இறங்கிக்கொண்டே வருகிறது.

சீட்டைத் தட்டிவிட்டுப் பணம் கட்டும் பக்கத்துக்குப் போனால் தொகை ரூ.1,043. பயணக் காப்பீடு 49 ரூபாய்க்குத் தானாகவே டிக் ஆகியிருக்கிறது. நன்கொடை 5 ரூபாயும் அப்படியே. வசதிக் கட்டணம் என்று 90 ரூபாய். காப்பீட்டை எடுத்துவிடலாம் என்று தொட்டால், ‘வேண்டாம், நான் ரிஸ்க் எடுத்துக்கொள்கிறேன்’ என்று ஒரு பட்டன். யாருக்குத்தான் அதை அழுத்த மனசு வரும்? ராத்திரி நேரம், கடிகாரம் வேறு ஓடுகிறது. சரி போகட்டும் என்று பணம் போய்விடும்.

ஐந்து நிமிடத்தில் 144 ரூபாய். யாரும் மிரட்டவில்லை, கையைப் பிடித்து இழுக்கவில்லை. எல்லாமே எழுத்துதான். இப்படி எழுதுவதற்கு விளம்பர உலகில் நீண்ட வரலாறு உண்டு. அதில் பாதி உண்மை, பாதி புருடா. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

முதலில் அந்தப் பெரிய புருடா

‘ஆழ்மனதோடு பேசும் எழுத்து’ என்று யாராவது கோர்ஸ் விற்றால், அதன் வேர் பெரும்பாலும் 1957-ம் ஆண்டு அமெரிக்காவில் போய் நிற்கும். ஜேம்ஸ் விக்கரி என்ற சந்தை ஆய்வாளர் அந்த ஆண்டு செப்டம்பரில் நியூயார்க்கில் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு ஒரு செய்தி சொன்னார். நியூஜெர்சியில் உள்ள ஒரு தியேட்டரில் படம் ஓடும்போதே, ஒரு நொடியில் மூவாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு, ‘பாப்கார்ன் சாப்பிடுங்கள்’, ‘கோகோ கோலா குடியுங்கள்’ என்ற வரிகளைத் திரையில் மின்ன விட்டாராம். யார் கண்ணுக்கும் தெரியவில்லை. ஆனால் பாப்கார்ன் விற்பனை 57 சதவீதத்துக்கும் மேலாகவும், கோலா விற்பனை 18 சதவீதமும் உயர்ந்ததாம். ஆறு வாரத்தில் 45,699 பேரிடம் சோதித்ததாகத் துல்லியமாகக் கணக்கு வேறு சொன்னார்.

உலகமே அதிர்ந்தது. அதே ஆண்டு வான்ஸ் பாக்கார்ட் எழுதிய ‘தி ஹிடன் பெர்சுவேடர்ஸ்’ புத்தகம் பரபரப்பாக விற்றுக்கொண்டிருந்ததால், ‘நம் மூளையை யாரோ வெளியிலிருந்து இயக்குகிறார்கள்’ என்ற பயம் நன்றாகப் பற்றிக்கொண்டது.

அடுத்த வருடமே கனடாவின் அரசு ஒளிபரப்பு நிறுவனமான சி.பி.சி. இதைச் சோதித்துப் பார்த்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியில் ‘இப்போதே போன் செய்யுங்கள்’ என்ற வரியை 352 முறை மின்ன விட்டார்கள். போன் அழைப்புகள் கூடவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், ‘ஒரு ரகசியச் செய்தி காட்டினோம், என்னவென்று கண்டுபிடியுங்கள்’ என்று கேட்டதும் நூற்றுக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன. பலர் தங்களுக்குப் பசித்தது, தாகம் எடுத்தது என்று எழுதினார்கள். பாப்கார்ன் கதையை அவர்கள் ஏற்கெனவே பேப்பரில் படித்திருந்தார்கள். சரியான விடையை ஒருவர்கூடச் சொல்லவில்லை.

1962-ல் ஒரு விளம்பரத் துறை இதழுக்கு அளித்த பேட்டியில் விக்கரியே உண்மையை ஒப்புக்கொண்டார். தன்னிடம் இருந்த தரவு எதையும் நிரூபிக்கப் போதாத அளவுக்குச் சிறியது என்றார். ஆனால் கதை சாகவில்லை. இன்றும் யூடியூபில் அந்தப் பாப்கார்ன் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அப்படியானால் எழுத்துக்குச் சக்தி இல்லையா?

இருக்கிறது. ஆனால் அது கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் இல்லை. கண் முன்னால் இருந்தும் நாம் நின்று யோசிக்காத சொற்களில் இருக்கிறது.

1974-ல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களுக்குக் கார் விபத்துக் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். பிறகு ஒரே கேள்வி. சிலரிடம் ‘கார்கள் மோதி நொறுங்கியபோது என்ன வேகத்தில் வந்தன?’ என்றும், சிலரிடம் ‘கார்கள் தொட்டுக்கொண்டபோது என்ன வேகத்தில் வந்தன?’ என்றும் கேட்டார்கள். பார்த்தது ஒரே காட்சிதான். முதல் கேள்விக்குச் சராசரி பதில் மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல், இரண்டாவதற்கு 31.8 மைல். ஒரு வினைச்சொல் மாறியதற்குச் சுமார் 9 மைல் வித்தியாசம். தனியாக நடத்திய இன்னொரு சோதனையில், ‘நொறுங்கிய’ என்ற சொல்லோடு கேள்வி கேட்கப்பட்டவர்களில் 32 சதவீதம் பேர், காட்சியில் இல்லவே இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாக ஒரு வாரம் கழித்துச் சொன்னார்கள்.

இதைச் செய்ய ஹிப்னாடிசம் தேவையில்லை. கேள்விக்குள் ஒரு முடிவை முன்கூட்டியே வைத்துவிட்டால் போதும். பதில் சொல்கிறவர் அந்த முடிவை ஏற்றுக்கொண்டுதான் பேசவே ஆரம்பிப்பார்.

தி.நகரில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி ரங்கநாதன் தெரு வழியாக உஸ்மான் ரோடு வரை நடந்தாலே போதும். ‘இந்தத் தீபாவளிக்கு என்ன கலர் பட்டு எடுக்கப் போறீங்க?’ என்று ஒரு பேனர் கேட்டால், பட்டு எடுப்பது முடிவாகிவிட்டது, கலர் மட்டும்தான் பாக்கி. ‘எடுக்கலாமா?’ என்று எந்தக் கடையும் கேட்பதில்லை. கடைக்குள் போனாலும் இதே கதைதான். ‘ஒண்ணு போதுமா, ரெண்டா போட்டுடட்டுமா?’ என்கிற சேல்ஸ்மேன் எந்த உளவியல் புத்தகமும் படித்தவர் இல்லை.

தமிழுக்கே உரிய சில கருவிகள்

ஆங்கிலத்தில் காப்பிரைட்டிங் சொல்லித்தரும் புத்தகங்களில் இல்லாத சில விஷயங்கள் தமிழில் உண்டு. முக்கியமானது ‘நம்ம’.

தமிழில் ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே. ‘நாம்’ என்றால் கேட்பவரும் உள்ளே. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘வீ’தான். ‘எங்க கடை’ என்பதற்கும் ‘நம்ம கடை’ என்பதற்கும் உள்ள தூரம் அவ்வளவு பெரியது. ‘நம்ம சென்னை’, ‘நம்ம ஊரு’, ‘நம்ம வீட்டுக் கல்யாணம்’ என்று விளம்பரங்கள் வரிசை கட்டுவது சும்மா இல்லை. அந்த ஒரு சொல்லிலேயே நீங்கள் ஒரு கூட்டத்தில் சேர்க்கப்பட்டுவிடுகிறீர்கள். உங்களைக் கேட்டு யாரும் சேர்க்கவில்லை.

அடுத்தது ‘முதல்’, ‘வரை’. ‘ரூ.499 முதல்’, ‘50% வரை தள்ளுபடி’. பேனரில் 499-ம் 50-ம் ஆள் உயரத்துக்கு இருக்கும், ‘முதல்’, ‘வரை’ இரண்டும் எறும்பு அளவுக்கு. சட்டப்படி பொய் சொன்னதாகவும் ஆகாது. உள்ளே போனால் 499-க்கு ஒரே ஒரு ரேக், அதுவும் சைஸ் கிடைக்காத சட்டைகள். ஆடித் தள்ளுபடியில் அலுத்துப்போகும் அளவுக்குப் பார்த்ததுதான். இத்தனைக்கும் ஆடித் தள்ளுபடிக்கு அடிப்படையில் நியாயமான காரணம் இருக்கிறது. ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை, ஜவுளி வியாபாரம் படுத்துவிடும், இருக்கிற சரக்கைத் தள்ளியாக வேண்டும். விலை நிஜமாகவே குறைகிற இடங்களும் உண்டு. தள்ளுபடி இருக்கிறது, ஆனால் அதன் அளவை உங்கள் கற்பனைக்கு விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது, சென்னைவாசிகள் மீம் போட்டுத் தீர்த்துவிட்ட ‘மிக மிக அருகில்’. திண்டிவனத்தைத் தாண்டிய மனையும் சென்னைக்கு மிக அருகில்தான். ‘அருகில்’ என்ற சொல்லில் கிலோமீட்டர் இல்லை. படிக்கிறவர் தனக்குப் பிடித்த தூரத்தை அதில் நிரப்பிக்கொள்வார். ‘தினமும் அடையாறுக்கு வேலைக்குப் போய்வரலாம்’ என்று எழுதியவர் சொல்லவே இல்லை, படித்தவர் தானே சொல்லிக்கொண்டார். தானே சொல்லிக்கொண்டதை மனசு சந்தேகப்படுவது குறைவு. ஆழ்மன எழுத்து என்று ஒன்று இருந்தால் அது இதுதான்: வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு மீதியை வாசகரை முடிக்க விடுவது.

இந்த இடத்தில் சட்டம் கொஞ்சம் விழித்துக்கொண்டது. 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு செய்ய வேண்டிய ஒரு திட்டத்தைப் பதிவு செய்வதற்கு முன்பு விளம்பரமே கொடுக்கக் கூடாது. பதிவு எண் விளம்பரத்தில் இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் 12-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. விளம்பரத்திலோ, விளக்கக் குறிப்பிலோ சொன்ன தவறான தகவலை நம்பி முன்பணம் கட்டி இழப்பு அடைந்தவருக்குக் கட்டுமான நிறுவனம் நஷ்டஈடு தர வேண்டும். அதாவது அந்தப் பளபளப்பான நோட்டீஸ் ஒரு ஆவணம். வீடு புக் செய்த உடனே நோட்டீஸைக் குப்பையில் போடுகிறவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

திரும்பத் திரும்பச் சொன்னால்

1977-ல் அமெரிக்காவில் ஹாஷர், கோல்ட்ஸ்டீன், டோப்பினோ என்ற மூவர் ஒரு எளிய ஆய்வு செய்தார்கள். சில பொதுத் தகவல்களைக் கொடுத்து, எது உண்மையாக இருக்கும் என்று மாணவர்களைக் கேட்டார்கள். இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை. திரும்பத் திரும்ப வந்த வாக்கியங்கள், உண்மையோ பொய்யோ, ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் ‘உண்மையாக’த் தெரிந்தன. இதற்குப் பிறகு நடந்த எத்தனையோ ஆய்வுகளிலும் இந்த விளைவு நிலைத்து நின்றிருக்கிறது.

அட்சய திருதியையை எடுத்துக்கொள்ளுங்கள். மரபில் அது முக்கியமாகத் தானம் செய்வதற்கான நாள். கொடுத்தது குறையாது என்பது நம்பிக்கை. இன்று பாண்டி பஜாரிலும் உஸ்மான் ரோட்டிலும் காலை 6 மணிக்கே கடை திறந்து, டோக்கன் கொடுத்து, ‘குண்டுமணித் தங்கமாவது வாங்கணும்’ என்று வரிசையில் நிற்கும் நாள். கொடுக்கும் நாள் வாங்கும் நாளாக மாறியதில் நகைக் கடை விளம்பரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. எந்த ஒரு விளம்பரமும் அதைத் தனியாகச் சாதிக்கவில்லை. வருஷா வருஷம் ஏப்ரல், மே மாதங்களில் அதே வாக்கியம் பேப்பரில், டி.வி.யில், பஸ்ஸின் முதுகில், இப்போது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில். வீட்டில் இருக்கும் பெரியவரைக் கேட்டால் ‘இதெல்லாம் எங்க காலத்துல கிடையாது’ என்பார். அவரும் வரிசையில் நிற்பார்.

போணியும் கொசுறும்

‘இதெல்லாம் ஆப் வந்த பிறகு வந்த வம்பு’ என்று சொல்ல முடியாது. மயிலாப்பூர் மாட வீதிகளில் காலையில் முதல் ஆளாகப் போய்ப் பாருங்கள். ‘போணி பண்ணுங்க சார், நீங்கதான் முதல்ல’ என்பார் வியாபாரி. விலை கேட்டுவிட்டு வாங்காமல் நகர்ந்தால் ஏதோ பாவம் செய்ததுபோல இருக்கும். ‘வேண்டாம், நான் ரிஸ்க் எடுத்துக்கொள்கிறேன்’ பட்டனின் தாத்தா இதுதான்.

காய்கறி வாங்கி முடித்ததும் ஒரு கொத்து கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறாகப் பையில் விழும். நாளைக்கும் அதே கடைக்குத்தான் கால் போகும். லஸ் பக்கம் வளர்ந்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்த அமிர்தாஞ்சனமே இதற்குப் பெரிய உதாரணம். 1893-ல் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பம்பாயில் தொடங்கிய இந்த வலி நிவாரணி, இசைக் கச்சேரிகளில் இலவசமாகக் கொடுக்கப்பட்டே பிரபலமானது என்பது அந்த நிறுவனத்தைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. மயிலாப்பூரில் உள்ள நாகேஸ்வர ராவ் பூங்கா அவர் பெயரில்தான் இருக்கிறது.

நவராத்திரிக்கு வடக்கு மாட வீதியில் கொலு பொம்மை பேரம் நடப்பதைப் பார்த்தால் இன்னொரு பாடம். வியாபாரி 800 என்கிறார். நீங்கள் 400 என்கிறீர்கள். 550-க்கு முடிகிறது. அவர் முதலில் சொன்ன எண்தான் உங்கள் பதிலை இழுத்துப் பிடித்தது. 600 என்று ஆரம்பித்திருந்தால் நீங்கள் 300 என்றிருப்பீர்கள். ஆப்பில் கோடு போட்டு அடித்த எம்.ஆர்.பி. விலை செய்வதும் இதே வேலைதான்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். பொம்மைக் கடையில் ஆட்டம் ஆடுவது இரண்டு பேருக்கும் தெரியும். நீங்கள் நாலு அடி நடந்தால் ‘சரி வாங்கம்மா’ என்று அவர் கூப்பிடுவார் என்பதும் தெரியும். முகம் தெரியும். பொம்மை உடைந்திருந்தால் நாளைக்கு வந்து சண்டை போடலாம். போனில் நீங்கள் மட்டும்தான் தனியாக இருக்கிறீர்கள். எதிர்ப்பக்கத்தில் உங்களைப் போன்ற பல லட்சம் பேர் எந்த வரிக்கு எப்படி நடந்துகொண்டார்கள் என்ற கணக்கு இருக்கிறது.

மந்திரவாதி போனார், கணக்குப்பிள்ளை வந்தார்

ஏ/பி டெஸ்டிங் என்பார்கள். ஒரே நோட்டிஃபிகேஷனை இரண்டு விதமாக எழுதுவது. ‘இன்று பிரியாணிக்கு 20% தள்ளுபடி’ என்பது ஒரு பாதிக்கு. ‘மழை பெய்யுது... பிரியாணி நேரமாச்சே?’ என்பது இன்னொரு பாதிக்கு. எதை அதிகம் பேர் தட்டுகிறார்களோ அது ஜெயிக்கும். ஏன் ஜெயித்தது என்று யாரும் கவலைப்படத் தேவையில்லை. சென்னையில் ஐ.டி., விளம்பரம், ஸ்டார்ட்அப் வேலைகளில் இருக்கும் பல இளைஞர்களின் தினசரி வேலையே இதுதான்.

இதன் பலம் எவ்வளவு? கோர்ஸ் விற்பவர்கள் சொல்லும் அளவுக்கு இல்லை. 1978-ல் எலன் லாங்கர் செய்த ஜெராக்ஸ் வரிசை ஆய்வை எல்லாக் காப்பிரைட்டிங் வகுப்பிலும் சொல்வார்கள். ‘நான் முதலில் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாமா?’ என்று கேட்டால் 60 சதவீதம் பேர் வழிவிட்டார்கள். ‘ஏன்னா நான் ஜெராக்ஸ் எடுக்கணும்’ என்று காரணமே இல்லாத காரணத்தைச் சேர்த்தால் 93 சதவீதம். ‘ஏன்னா’ என்ற சொல்லே மந்திரம் என்று அங்கேயே கதையை நிறுத்திவிடுவார்கள். அதே ஆய்வின் அடுத்த பாதியைச் சொல்ல மாட்டார்கள். அது 5 பக்கம் எடுக்கக் கேட்டபோது. 20 பக்கம் என்றதும் வெற்றுக் காரணத்தின் பலன் பூஜ்யமானது, இரண்டுக்கும் 24 சதவீதம்தான். அவசரமாகப் போக வேண்டும் என்ற உண்மையான காரணம் மட்டும் 42 சதவீதம் வரை எடுபட்டது. சின்ன விஷயத்தில் மனசு கவனிக்காமல் விடும், பெரிதாக இழக்கப் போகிறோம் என்றால் விழித்துக்கொள்ளும்.

இன்னொரு கணக்கு. அமெரிக்காவின் இரண்டு பெரிய ‘நட்ஜ்’ அமைப்புகள் நடத்திய 126 சோதனைகளை, சுமார் 2.3 கோடி பேர் சம்பந்தப்பட்டவை, 2022-ல் டெல்லாவிக்னா, லினோஸ் என்ற இரு ஆய்வாளர்கள் தொகுத்துப் பார்த்தார்கள். ஆய்விதழ்களில் வெளியான சோதனைகளின் சராசரி விளைவு 8.7 சதவீதப் புள்ளிகள். இந்த அமைப்புகள் நிஜ உலகில் செய்தவற்றின் சராசரி 1.4 மட்டும். ஒரு தனி மனிதருக்கு அது ஒன்றுமே இல்லை. ஒரு கோடி பேருக்கு அனுப்பினால் 1.4 சதவீதம் என்பது 1,40,000 பேர். ஆப் நிறுவனங்கள் ஏன் ஒரு வரிக்காக இவ்வளவு மெனக்கெடுகின்றன என்பதற்குப் பதில் இந்தப் பெருக்கலில் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஏமாற்றும் வடிவமைப்புக்கு ‘டார்க் பேட்டர்ன்’ என்று 2010-ல் பெயர் வைத்தவர் ஹாரி பிரிக்னல் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் இதற்கென வழிகாட்டு நெறிமுறைகளை அறிவித்தது. மொத்தம் 13 வகைகளைப் பெயர் சொல்லித் தடை செய்கிறது. அடையாறு ஃப்ளாட்டில் பார்த்த திரையிலேயே நான்கு வகை இருக்க வாய்ப்பு உண்டு: இல்லாத அவசரத்தைக் கிளப்புவது, கேட்காததைக் கூடையில் நுழைப்பது, வேண்டாம் என்பவரைக் கூச வைப்பது, விலையைச் சொட்டுச் சொட்டாகக் காட்டுவது. ‘2 அறைகள் மட்டுமே, 30 பேர் பார்க்கிறார்கள்’ என்பதைப் போன்ற வரியை அந்த நெறிமுறையே உதாரணமாகக் காட்டுகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உண்மையிலேயே 2 சீட்தான் இருக்கிறது என்றால் அப்படிச் சொல்வது குற்றமில்லை, உதவி. தீபாவளிக்கு முந்தைய நாள் அதைச் சொல்லாமல் விட்டால்தான் கோபம் வரும். பக்கத்தை மூடித் திறந்தால் கடிகாரம் மறுபடி 10:00-லிருந்து ஆரம்பிக்கிறதா, அங்கேதான் பொய் வெளியே வருகிறது.

2025 ஜூனில் இந்த ஆணையம் எல்லா இணைய வணிகத் தளங்களும் மூன்று மாதத்துக்குள் தங்களைத் தாங்களே தணிக்கை செய்துகொள்ள வேண்டும் என்று அறிவுறுத்தியது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ரூ.10 லட்சம் வரையும், மறுபடி செய்தால் ரூ.50 லட்சம் வரையும் அபராதம். பெரிய நிறுவனங்களுக்கு இது ஒரு நாள் விளம்பரச் செலவுகூட ஆகாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு. பிரைம் சந்தாவில் ஆட்களைச் சம்மதமின்றிச் சேர்த்ததாகவும், வெளியேறுவதைக் கடினமாக்கியதாகவும் அமேசான் மீது அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2023-ல் வழக்குப் போட்டது. சந்தாவை ரத்து செய்யும் பாதைக்கு நிறுவனத்துக்குள் வைத்திருந்த பெயர் ‘இலியட்’ என்றது அந்தப் புகார். பத்தாண்டுகள் நீண்ட டிராய் போரைப் பாடும் கிரேக்கக் காவியத்தின் பெயர். 2025 செப்டம்பரில், தவறை ஒப்புக்கொள்ளாமலே, 250 கோடி டாலர் தரச் சம்மதித்து நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. அதில் 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திரும்பப் போகும் பணம்.

144 ரூபாயோடு போகாதபோது

இதே எழுத்து வித்தைகளை மோசடிக்காரர்களும் கற்றுவைத்திருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ‘ஷேர் மார்க்கெட் வி.ஐ.பி. குரூப்’ என்று ஒன்றில் நீங்கள் திடீரென்று சேர்க்கப்படுகிறீர்கள். ‘நம்ம குரூப்’ என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். தினமும் பத்து இருபது பேர் லாப ஸ்கிரீன்ஷாட் போடுவார்கள். ‘சாருக்கு நன்றி’ என்பார்கள். அவர்களில் பலர் ஒரே கும்பலின் ஆட்களாக இருப்பார்கள். முதலில் 5,000 போடச் சொல்லி, 6,000 ஆகத் திரும்ப எடுக்கவும் விடுவார்கள். அது கொசுறு. பிறகு ‘ஐ.பி.ஓ. ஒதுக்கீடு இன்றிரவு 8 மணியோடு முடிகிறது’. அது கடிகாரம். பெரிய தொகை போட்டுத் திரும்ப எடுக்கப் போனால், ‘முதலில் வரியைக் கட்டுங்கள்’. இதுவரை கட்டியதை விட மனசு வராமல் அதையும் கட்டுவார்கள்.

டிஜிட்டல் அரெஸ்ட் மோசடியில் ஆசைக்குப் பதில் பயம், மற்றதெல்லாம் அதே. வாட்ஸ்அப்பில் முத்திரை போட்ட கடிதம், சட்டப் பிரிவு எண்கள், ‘யாரிடமும் சொல்லக் கூடாது’ என்ற உத்தரவு, அழைப்பைத் துண்டிக்க விடாத நெருக்கடி. 2024 அக்டோபர் 27-ல் மனதின் குரல் நிகழ்ச்சியில் பிரதமரே இதைப் பற்றிப் பேசி, அப்படி ஒரு கைது சட்டத்தில் கிடையவே கிடையாது என்றார். நிறுத்துங்கள், யோசியுங்கள், நடவடிக்கை எடுங்கள் என்பது அவர் சொன்ன மூன்று படி. முதல் படிதான் முக்கியம். இந்த எழுத்துகள் எல்லாமே அந்த ஒரு படியைத் தாண்ட வைக்கத்தான் எழுதப்படுகின்றன.

சிக்குகிறவர்கள் படிக்காதவர்கள் இல்லை. நன்றாகச் சம்பாதிக்கிற, தினமும் ஆன்லைனில் பணம் அனுப்பிப் பழகியவர்களே பெரிய தொகைகளை இழக்கிறார்கள். ஏமாந்தது தெரிந்த உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் முடக்க வாய்ப்பு இருக்கும். வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருப்பதுதான் பெரும்பாலும் பணம் கை நழுவிப் போகக் காரணம்.

எழுதுகிறவர் பக்கம்

இதைப் படிப்பவர்களில் சிலர் இந்த வரிகளை எழுதும் வேலையில் இருப்பவர்கள். அவர்களுக்கு மானேஜர் கொடுக்கும் இலக்கு ‘கிளிக் கூடணும்’ என்பதுதான். கூச வைக்கும் பட்டன் கிளிக்கைக் கூட்டத்தான் செய்யும். அடுத்த மாதம் ஆப்பை அழித்தவர் எந்த பட்டனால் அழித்தார் என்பது டாஷ்போர்டில் வராது.

வாசகரின் மனசை அறிந்து எழுதுவதில் தப்பு ஒன்றும் இல்லை. பிரிட்டனின் வரித் துறை, நிலுவை வைத்திருந்தவர்களுக்கு அனுப்பிய கடிதத்தில், பத்தில் ஒன்பது பேர் நேரத்துக்கு வரி கட்டிவிடுகிறார்கள் என்ற ஒரு வரியைச் சேர்த்தது. கட்டுகிறவர்கள் எண்ணிக்கை கூடியது. அந்தத் தகவல் உண்மை. அதுதான் அந்தக் கடிதத்துக்கும் ‘18 பேர் பார்க்கிறார்கள்’ என்பதற்கும் உள்ள தூரம். ஒரு எளிய சோதனை உண்டு: இந்த வரியை ஏன் இப்படி எழுதினோம் என்று வாடிக்கையாளரிடமே விளக்கினால் அவர் சிரிப்பாரா, கோபப்படுவாரா? கொசுறு கறிவேப்பிலைக்குச் சிரிப்பார். தானாக டிக் ஆன காப்பீட்டுக்கு நிச்சயம் சிரிக்க மாட்டார்.

புகார் எப்படி?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழ் உட்பட 17 மொழிகளில் பேசலாம். புகார் கொடுக்கும்போது ‘ஏமாத்திட்டாங்க’ என்று மட்டும் சொன்னால் நகராது. முதல் பக்கத்தில் காட்டிய விலை, பணம் கட்டும் பக்கத்தில் வந்த விலை, தானாக டிக் ஆகியிருந்த பெட்டி, இவை மூன்றின் ஸ்கிரீன்ஷாட்டும் தேதி, நேரத்தோடு வேண்டும். கடிகாரம் விஷயத்தில் ஸ்கிரீன் ரெக்கார்டிங் இன்னும் நல்லது. நேரம் முடிந்து, அது மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்குவது வரை பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.